காதில் நிற்காத ரப்பர் குமிழ்

1985 மார்ச் 8, வெள்ளிக்கிழமை. விடியுமுன் எழுந்து நல்லெண்ணெயைச் சீரகம் போட்டுக் காய்ச்சித் தலைக்கு வைத்துக்கொண்டேன். காதுக்கு இரண்டிரண்டு சொட்டு. ஊறவிட்டுக் குளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, வீட்டுக்காரருக்கு ரொட்டியும் நெத்திலிச் சம்பலும் கட்டிக் கொடுத்தேன். அவர் தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிறவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எனக்கு முன்னால் போய்விடுவார். நான் ஆபீஸைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளி, மழைமானியைப் பார்த்து ‘மழை இல்லை’ என்று பலகையில் எழுதி, தேதி முத்திரையை மாற்றி, டைப்ரைட்டரின் உறையை மடித்து வைத்தேன். அதன் பிறகுதான் பக்கத்திலிருந்த டேப் மிஷினைத் தொட்டேன். தொடுவதற்கு முன் செய்வதற்கு வேறு வேலை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கவில்லை.

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில் நான் டைப்பிஸ்ட். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. தோட்ட மேனேஜரைத் துரை என்போம். பழைய துரை இருந்தவரைக்கும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், நான் எதிரே உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எடுப்பேன். அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகு ஈப்போவிலிருந்து புதுத் துரை வந்தார். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். அவருக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. உள்ளங்கை அளவு ரெக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஜீப் ஓட்டிக்கொண்டே கடிதம் சொல்வார். அந்தக் குட்டி டேப் என் மேசைக்கு வரும். என் பக்கத்து மிஷினில் அதைப் போட்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். இதுவரைக்கும் எனக்குக் குறையில்லை. குறை முழுவதும் இயர்போனில்தான் இருந்தது.

டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயை நினைத்துக்கொண்டால் போதும். தாடைக்குக் கீழே இரண்டு மெல்லிய கம்பிக் குழாய்கள் சேர்ந்து மேலே ஏறும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு ரப்பர் குமிழ். அந்தக் குமிழ் காதின் மேலே உட்காராது, காதுத் துளைக்குள் நுழைந்து அதை அடைத்துக்கொள்ள வேண்டும். பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று ஜோடி குமிழ்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து மிஷினைக் கொண்டுவந்தவர் கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர். “யாருக்கும் பொருந்தும் மேடம்” என்றார். என் காது அந்த ‘யாருக்கும்’ என்பதில் சேரவில்லை. பெரியதைப் போட்டால் காதுக்குள் யாரோ கட்டைவிரலை விட்டுத் திருகுகிற மாதிரி வலித்தது. சிறியதைப் போட்டால் பேப்பரை உருட்டுவதற்குள் மடியில் விழுந்தது. நடுத்தரம் மட்டும், நான் சிலையாக உட்கார்ந்திருந்தால் நின்றது. சிலைகள் டைப் அடிப்பதில்லை.

குமிழ் சரியாக அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த இளைஞர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வார். துரையின் குரல் கனமான குரல், வாய்க்குள்ளேயே புரளும். காதுக்கும் குமிழுக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தாலும் அந்தக் கனமெல்லாம் வெளியே போய்விடும். மிச்சம் ஒரு கொசு பேசுவது போல் இருக்கும். அதே இடைவெளி வழியாகப் பக்கத்துப் பால் ஸ்டோரின் பம்ப் எஞ்சின் உள்ளே வரும். மரம் சீவி எடுத்த ரப்பர் பாலை அங்கேதான் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றுவார்கள். மதியம்வரை அந்த எஞ்சின் ஓயாது. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கூட்டினால் ‘ஸ்’ என்று வருமிடமெல்லாம் ஊசியாகக் குத்தியது. சொற்கள் மட்டும் பழையபடியே எஞ்சினுக்குள் கிடந்தன. சாயந்தரம் வீட்டுக்குப் போனால் காதுக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் சொல்வதை இரண்டு தடவை கேட்பேன். அவர் சொல்வதில் இரண்டு தடவை கேட்கும்படி எதுவும் இருக்காது என்பது வேறு விஷயம்.

டேப்புகள் குவிந்தன. அந்த வாரம் திங்கட்கிழமை துரை என் மேசைக்கு வந்து, மூன்று டேப்புகளை விரலால் தட்டிவிட்டு, “சனிக்கிழமைக்குள்ள இது முடியணும்லா. இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டயர் மாற்றுவதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

அந்த வேற ஆள் யார் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் தங்கை மகள் கிள்ளானில் டைப்பிங் படித்துவிட்டுச் சும்மா இருந்தாள். நான் குடியிருந்த வீடு டைப்பிஸ்டுக்கான வீடு. தனிக் குழாய், தனிக் குளியலறை, சமையலறைக்கு ஜன்னல். வேலை போனால் வீடும் போகும். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில், பொதுக் குழாய்க்கு வாளியை வரிசையில் வைக்கிற வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும். அங்கே பிறந்து வளர்ந்தவள் நான். அந்த வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மிஷின்காரருக்குப் போன் செய்தேன். சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டிவிட்டேன் என்றேன். இன்னும் கூட்டச் சொன்னார். வீட்டுக்காரர், தலையைச் சுற்றித் துணியால் கட்டிக்கொள் என்றார். கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பல்லு வலிக்காரி மாதிரி இருக்கே” என்று சிரித்தார். யோசனை அவருடையதுதான் என்பது அதற்குள் மறந்துவிட்டது. பெரிய கிராணி பஞ்சு வைக்கச் சொன்னார். குமிழைச் சுற்றிப் பஞ்சு வைத்தேன். அன்று முழுவதும் பஞ்சைக் கேட்டேன்.

பெரிய கிராணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் நான்கு பேனா. அதில் எழுதுவது ஒன்று. தெரியாது என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ரேடியோ கெட்டால் அவர்தான் திறப்பார். அதற்குப் பிறகு அது கெட்ட ரேடியோவாகக்கூட இருக்காது. தங்கை மகளுக்கு என் நாற்காலி கிடைத்தால் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால், ‘யாருக்கும் முடியாததை நான் முடித்தேன்’ என்று துரையிடம் சொல்வது அதைவிடப் பெரிய சந்தோஷம். அந்த ஒரு காரணத்தால்தான் அவர் எனக்கு உதவி செய்யப் புறப்பட்டார். நல்லவர் என்று யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை குமிழ்கள் மற்ற நாளைவிட மோசமாக நடந்துகொண்டன. தள்ளினால் உள்ளே போகும், கையை எடுத்ததும் பிடித்த மீன் நழுவுவது போல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஒரு கடிதத்தின் முதல் பத்தியைக்கூட முடிக்கவில்லை. பதினொரு மணி போல் பெரிய கிராணி உள்ளே வந்தார். ஒரு கையில் மரத்தில் பால் பிடிக்கிற மங்கு. பின்னாலேயே பால் ஸ்டோர் ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர், ஒரு சின்னப் போத்தலில் ஆசிட்டும் தேக்கரண்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். மங்கில் அன்றைய பால், வெள்ளை வெளேரென்று.

“ஏம்மா, இனிமே ஒனக்குக் கவலயே இல்ல. காதக் காட்டு.”

“எதுக்குங்கய்யா?”

“அளவெடுக்கத்தான். பால்ல ரெண்டு சொட்டு ஆசிட்டு விட்டா தயிரு மாதிரி ஒறஞ்சிரும்ல? அதக் காதுல ஊத்தி, ஒறஞ்சதும் எடுத்தா ஒங் காது அச்சு அப்படியே வரும். அதுல ஓட்ட போட்டு கொழாய்ல மாட்டிக்க. இந்தத் தோட்டத்துல வெளையிற சாமான வச்சே தோட்டத்துப் பிரச்சனையத் தீக்கிறேன் பாரு. கேயெல் மிஷின்காரன்லாம் எதுக்கு?”

“ஆசிட்டையா காதுல ஊத்தப் போறீங்க?”

“அலாமாக்! ரெண்டு சொட்டும்மா. பால்ல கலந்தா அது ஆசிட்டே இல்ல.”

நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். “என் காது எனக்கு வேணுங்கய்யா. இருக்கிறதே ரெண்டுதான்.”

மண்டோர் வாயைப் பொத்திக்கொண்டார். பெரிய கிராணிக்கு முகம் சிவந்தது. “பயந்தாங்கொள்ளிய வச்சிக்கிட்டு எப்படிலா முன்னேறுறது? இந்தா, நானே காட்டுறேன். மண்டோரே, ஊத்து.”

“கிராணியாரே, வேணாம்லா.”

“ஊத்துய்யான்னா!”

வலது காது மேலே இருக்கும்படி என் மேசையின் ஓரத்தில் தலையைச் சாய்த்தார். டைப்ரைட்டரைக் காப்பாற்றுவதற்காக நான் அதைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். மண்டோர் கலக்கி ஊற்றினார். பெரிய கிராணி கண்ணை மூடிக்கொண்டு, “குளுகுளுன்னு இருக்கு” என்றார். சற்று நேரத்தில், “லேசா உறுத்துது” என்றார். அதற்குப் பிறகு, “ஒறஞ்சிருச்சா பாரு, ஒறஞ்சிருச்சா பாரு” என்று கத்தத் தொடங்கினார். அந்தக் காது அடைத்துவிட்டதால் தான் கத்துவது அவருக்குத் தெரியவில்லை. பெரட்டுத் திடல்வரை கேட்டிருக்கும். மண்டோர் நகத்தால் கெல்லிப் பார்த்தார். மேலே இருந்தது பிய்ந்துகொண்டு வந்தது. உள்ளே இருந்தது வரவில்லை.

“எடுய்யா!”

“வரமாட்டேங்குது கிராணியாரே.”

“என்ன சொல்றே? கேக்கல!”

“வரமாட்டேங்குதுன்னு சொல்றேன்!”

தோட்டத்து ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரம். மண்டோர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்குப் போக விருப்பம் இல்லை. மூன்று டேப் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தலையைச் சாய்த்தபடியே நடந்தார், ஏதோ தரையில் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போல.

டிரசர் அங்கே நர்ஸும் டாக்டருமாக எல்லாம் ஒருவரே. வெகுநாளாக இருப்பவர். காதைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார், மறுபடி காதைப் பார்த்தார்.

“இது என்னா, காதா மங்கா?”

பெரிய கிராணி தலையை இன்னும் சாய்த்துக் காட்டினார்.

“பூரான் எடுத்திருக்கேன், புளியங்கொட்ட எடுத்திருக்கேன். பால் எடுத்ததில்ல கிராணியாரே. காலையில என்னா, மரமா நின்னீங்களா? சீவினது யாரு?”

“வெளாடாதலா, எரியுது!”

டிரசர் அவரைப் பெஞ்சில் படுக்க வைத்து, விளக்கை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் கவனித்துப் பார்த்தேன். வேறு வேலையும் எனக்கு அங்கே இல்லை. இடுக்கியை எடுத்த உடனே உள்ளே விடவில்லை. முதலில் காது மடலைப் பிடித்து மேலே, பின்பக்கமாக இழுத்தார். இழுத்ததும் துளையின் வளைவு நிமிர்ந்து உள்ளே தெரிந்தது. “வாயத் தொறங்க” என்றார். வாயைத் திறந்ததும் துளை இன்னும் கொஞ்சம் அகன்றது. இடுக்கியை மூக்குப் பக்கம் சாய்த்து உள்ளே விட்டு, ஓரத்தைக் கவ்வி, மெதுவாகத் திருப்பினார். ஒட்டாமல் கொள்ளாமல், முழுசாக, ஒரு சின்ன வெள்ளை விரல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

“காதுல எண்ண ஊத்துவீங்களோ?” என்று டிரசர் கேட்டார்.

“டெய்லி ரெண்டு சொட்டு. காதுக்கு நல்லது.”

“இன்னக்கி நல்லதுதான். எண்ண இருந்ததால ஒட்டல. இல்லன்னா நேரா கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரி. இனிமே எண்ணையும் ஊத்தாதீங்க, பாலும் ஊத்தாதீங்க.” காதைக் கழுவி, மருந்து போட்டு, பஞ்சு வைத்தார். உள்ளே சிவந்திருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

அந்த வெள்ளை விரல் கிண்ணத்தில் கிடந்தது. நேராக இல்லை; நடுவில் ஒரு வளைவு. விளக்கு வெளிச்சத்தில் எண்ணெயில் பளபளத்தது. பார்த்ததும் எனக்கு இரண்டு விஷயம் பிடிபட்டது. இத்தனை நாளும் வளைந்த துளைக்குள் குமிழை நேராகக் குத்திக்கொண்டிருந்தேன். அதோடு, எண்ணெய் தடவிய துளைக்குள் ரப்பர் நிற்கவேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் காதுக்குள் நல்லெண்ணெய். தினமும் தலையில் தேங்காயெண்ணெய். அதே விரலால் குமிழைப் பிடித்து மாட்டுவது. மூன்று வாரமாக அந்தக் குமிழ்களை நான் ஒரு முறைகூடக் கழுவவில்லை. சுத்தமான காதில் மாட்டுங்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க மிஷின் செய்தவர்களுக்கும் தோன்றவில்லை. அவர்கள் ஊரில் யாரும் காதில் எண்ணெய் விடுவதில்லை போலிருக்கிறது.

டிரசரிடம் கொஞ்சம் பஞ்சு கேட்டு வாங்கிக்கொண்டேன். “நீயும் எதையும் ஊத்திறாதம்மா” என்றார். காதுகளின் வாசலை மட்டும் துடைத்தேன். ஆபீஸுக்கு வந்து ஆறு குமிழ்களையும் சோப்புப் போட்டுக் கழுவி, உதறி, உலர்த்தினேன். விரல்களையும் கழுவினேன். பிறகு வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதின் மடலை மேலே, பின்பக்கமாக இழுத்து, வாயைத் திறந்து, குமிழை மூக்குப் பக்கமாகச் சாய்த்து மெல்லத் திருகி விட்டேன். மடலை விட்டேன். வாயை மூடினேன். இடது காதுக்குச் சிறியதே போதுமாக இருந்தது. வலது காதுக்கு அது பற்றவில்லை, நடுத்தரம் மாட்டினேன். இரண்டு காதும் ஒரே அளவு என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஜோடி ஜோடியாகப் பையில் போட்டுக் கொடுத்ததால் நானாக எண்ணிக்கொண்டது.

பம்ப் எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் புகை வந்துகொண்டிருந்தது. தலையை இரு பக்கமும் திருப்பினேன். குனிந்து பெடலைப் பார்த்தேன். எதுவும் விழவில்லை, எதுவும் வலிக்கவில்லை. சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து வைத்து, மிதித்தேன்.

துரையின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது. கனம் முழுவதும் வந்தது. அதனால் தெளிவாகக் கேட்ட மற்றதையும் எழுதிவைக்கிறேன். அவர் கடிதம் சொல்லும்போது கடலை தின்கிறார். இரண்டாவது டேப்பில் உரம் வாங்கும் கடிதத்தின் நடுவே செகிஞ்சானில் மீன் விலை கேட்கிறார், அந்த விலைக்குத் திட்டுகிறார், ஜீப்பின் கதவைச் சாத்துகிறார், பிறகு ‘மேலும்’ என்று கடிதத்தைத் தொடர்கிறார். ஒரு மாடு குறுக்கே வந்ததும் இருக்கிறது. இவ்வளவு நாளும் என் காது மந்தம் என்று ஆபீஸ் முழுவதும் பேசினார்கள். வாயில் கடலை வைத்திருந்தவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகவில்லை. மெல்லும்போது தாடை அசைந்து குமிழ் தளரும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது சரிதான் என்று பிறகொரு நாள் பிஸ்கட் தின்று உறுதி செய்துகொண்டேன். நாலு மணிக்கு இரண்டு டேப் முடிந்திருந்தது. கடிதங்களை அடுக்கி, நகல்களைப் பிரித்து வைத்தேன்.

துரை உள்ளே வந்து அடுக்கைப் புரட்டினார். நின்றபடியே படித்தார், வேறெப்படி. “ஓகே லா. மிச்சம் ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான் துரை. நாளைக்குக் காலையில முடிஞ்சிரும்.”

“அப்ப கிள்ளானுக்கு ஆள் அனுப்ப வேணாம்.” இதைப் பெரிய கிராணியைப் பார்த்துச் சொன்னார். ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “காதுல என்னா, கிராணி?”

பெரிய கிராணி எழுந்து நின்றார். பஞ்சு வைத்த காதைத் துரை பக்கம் காட்டாமல், மறுபக்கத்தைத் திருப்பிக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: “இந்த இயர்போனுக்கு வழி கண்டுபிடிச்சது நாந்தான் துரை. கேட்டுப் பாருங்க. எங் காத வச்சிப் பரிசோதன பண்ணித்தான் இவங்களுக்குப் புரிஞ்சிச்சு.”

துரை என்னைப் பார்த்தார். “அப்டியாம்மா?”

“ஆமாங்க துரை” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் கொடுமை. “அவரு காதுல பால் ஊத்திக்கலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“பாலா?”

பெரிய கிராணி உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் அவர் காதில் விழவில்லை.

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீடு போகாது என்றதும் அவர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் குளித்தார். வெளியே வந்து, “நான் சொன்ன மாதிரி துணி கட்டிக்கிட்டியா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி மட்டும் முதல் தடவையே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை காலையில் ஆபீஸைத் திறந்ததும், ஜன்னலைக்கூடத் தள்ளாமல், சோப்பால் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, இடது காதுக்குச் சிறியதையும் வலது காதுக்கு நடுத்தரத்தையும் மாட்டி, மூன்றாவது டேப்பைப் போட்டு மிதித்தேன்.